மெல்ல வைத்தால் மட்டும்

லில்லிபாய் சொன்னது இவ்வளவுதான்:
"சத்தமா வெச்சா ஒண்ணும் இல்ல.
மெல்ல வெச்சா மட்டும்
வீணை பல்லைக் கடிக்குது, கேட்டியளா."

பாறசாலை ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி அவளுக்கு.
காலையில் வந்து, தூங்குமுன் அரைமணி நேரம்.
சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரரின் கைக்குழந்தை.
குமிழ் ஒன்றைத் தாண்டாது.

மார்த்தாண்டத்தில் ஒரு கடை,
நெய்யாற்றின்கரையில் ஒரு கடை.
இருவரும் குமிழை முக்கால்வாசி முறுக்கி
அலமாரிக் கண்ணாடி அதிர,
ஒருவர் "கம்ப்ளெயிண்ட் இல்லம்மா,"
மற்றவர் "ஒரு கொழப்பவும் இல்லல்லோ."
மூன்றாவது களியக்காவிளை.
நான்.

எழுபத்தாறாம் வருஷத்து ஜப்பான் பெட்டி, பதினாறு கிலோ.
மூடியைக் கழற்றினால்
பல்லி முட்டையின் ஓடு இரண்டு,
டிரான்ஸ்பார்மரடியில் யாரோ தொலைத்த ஓமன் காசு.
தனியே எடுத்து வைத்தேன்.

நானும் யோக்கியன் இல்லை.
ஸ்பீக்கர் வயர்களை இடம்வலம் மாற்றினேன்:
கரகரப்பு எதிர்ப்பெட்டிக்குப் போனது.
சரி, குற்றம் ஆம்ப்ளிபயரில்.
வலது பக்கத்துக் கெப்பாசிட்டர் நான்கை மாற்றினேன்.
சுவிட்ச் எல்லாவற்றிலும் ஸ்ப்ரே அடித்தேன்.
பிறகு நானும்
குமிழை முக்கால்வாசி முறுக்கி
ஆஹா என்றேன்.

அன்றிரவு கடைசி மீன் லாரியும் போனபின்
வாச்மேன் தூங்குகிறாரே என்று குறைத்தபோதுதான்
அது பல்லைக் கடித்தது.

ஒவ்வோர் அலைக்கும் ஆட்கள் இரண்டு.
மேல்பாதியைச் சுமப்பவன் ஒருவன்,
கீழ்ப்பாதியை மற்றவன்.
நடுவில் பூஜ்யம். அங்கே கைமாற வேண்டும்.
நம்ம பஸ் செக்போஸ்டுக்கு இப்புறமே இறக்கிவிட,
அந்த பஸ் இன்னும் ஸ்டார்ட்டே ஆகாமல் கிடக்க,
பலாப்பழத்தோடு நடுரோட்டில் நிற்பவளைப் போல
அலை நின்றுபோகிறது.
பெரிய சத்தம் ஒரே தாவில் கடந்துவிடும்.
மெல்லிய பாட்டு
எல்லையிலேதான் குடியிருக்கிறது.

சும்மா இருக்கும்போதும் இருவரும்
கொஞ்சம் விழித்திருக்க வேண்டும்.
மீட்டரை வைத்தேன்:
இடது பக்கம் நாலு மில்லிவோல்ட்.
வலது பக்கம் சைபர்.
கடுகு உருண்டை அளவில் ஒரு பிரிசெட்,
அதன் நாக்கில் பச்சைக் களிம்பு.
பதினைந்து ரூபாய்ச் சாமான். மாற்றி,
வலதையும் நாலுக்குக் கொண்டுவந்து
நிம்மதியாகத் தூங்கினேன்.

எட்டு மணிக்கு யூனிபார்ம் மாற்றாமலே வந்தாள்.
குமிழை ஒன்றில் வைத்தாள்.
நெஞ்சுச் சளி கேட்கிறவளைப் போலத் தலையைச் சாய்த்தாள்.
"வலது சரியாயிற்று."
காசை எடுப்பாள் என்று பார்த்தேன்.
"இடதும் இப்பிடித்தான் கடிக்கும்,
கொஞ்சமா. மொதல்லேர்ந்தே."

எதைச் சரியென்று வைத்து
அளவெடுத்தேனோ அந்தப் பக்கம்.

மறுபடி மூடியைக் கழற்றினேன்.
மீட்டரைக் கவிழ்த்து வைக்கச் சொன்னாள்.
பெட்டி சூடேறட்டும் என்று பத்து நிமிஷம்,
இரண்டு சாயா.
ஸ்க்ரூடிரைவரை நான் மயிரிழையாகத் திருக
அவள் கண்ணை மூடிக்கொண்டு
"இல்ல... இல்ல... ஆ, நிக்கட்டு."
வலதுக்கும் அப்படியே.

நிமிர்த்திப் பார்த்தேன்.
பதினொன்று. பதினொன்று.

"எவ்வளவு?" என்றாள்.
சொன்னேன். ஸ்ப்ரே காசைச் சேர்க்கவில்லை.
ஓமன் காசை நீட்டினேன்.
"இது எனக்குள்ளதில்ல," என்று
மேசையிலேயே விட்டுப் போனாள்,
பதினாறு கிலோவை இடுப்பில் தூக்கிக்கொண்டு.