ஏழாம் பாகத்துக்குப் பின்

நைட் ஷிப்ட் முடிந்து
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்
எங்களை ஜெலுத்தோங்கில் கொட்டிவிட்டுப் போகும்போது
மாமாக் கடை விளக்குகள்
இன்னும் இரவைத்தான் நம்பிக்கொண்டிருக்கும்.

தே ஓ ஐஸ் வருவதற்குள் யுகேந்திரன் ஆரம்பித்துவிடுவான்:
சாம்பல் பருந்து வேடத்தை இனி யார் போடுவது?
ஏழு படம் நடித்தவன் இறக்கையைக் கழற்றி வைத்துவிட்டான்.
கோக் வெய் ஒரு கொரியப் பெயர் சொல்வான்.
ஹஃபீஸுக்கு முகம் எதுவானாலும் சரி,
"தாடையில கனம் வேணும் லா."
மோகனவல்லி டிஷ்யூத் தாளில் அம்புக்குறிகள் போட்டு
மூன்றாம் பாகத்தில் பனிப்பிளவில் விழுந்த தங்கைதான்
அடுத்த பருந்து என்று நிரூபிப்பாள்.
அவள் செத்துவிட்டாளே என்றால்
பிணத்தைக் காட்டினார்களா என்பாள்.
பிணத்தைக் காட்டாதவரை எவரும் சாகவில்லை.
எங்கள் மேசையின் ஒரே சட்டம் அது.

என் வேலை வேறு. நான் பிழை பார்ப்பவள்.
இரவெல்லாம் பூதக்கண்ணாடிக்குக் கீழே
ஈயப் பொட்டு விலகிய பலகைகளைத் தேடித் தேடி
சரியாக இருப்பது எதுவும் கண்ணில் படுவதில்லை.
இரண்டாம் பாகத்தில் இடது புருவத்திலிருந்த தழும்பு
நான்காம் பாகத்தில் வலது புருவத்துக்குக் குடிபோனதை
முதலில் கண்டவள் நான்.
கண்டதோடு விட்டேனா.
கண்ணாடி உலகத்திலிருந்து வந்த இன்னொரு பருந்து அவன் என்று
நானே கதை கட்டி ஒட்டும் போட்டேன்.
நால்வரும் எழுந்து கைதட்டினார்கள்,
ரொட்டி வீசுகிற அண்ணன்கூட.

போன செவ்வாய், பதிவிலாகா.
எண் மூவாயிரத்து நாற்பத்தேழு.
கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண்
இரண்டு தாள்களை அருகருகே வைத்தாள்,
நான் பலகைகளை வைப்பது போலவே.
என் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் ஒய்யில் முடிகிறது.
அப்பாவின் இறப்புப் பத்திரத்தில் ஐயில்.
ரெங்கசாமி.
தமிழில் எழுதினால் ஒரே ஆள்.
அங்கே யாரும் தமிழில் எழுதுவதில்லை.

இவரும் இவரும் ஒருவரா, என்றாள்.

தாள்களைக் கேட்டால்
என்னைப் பெற்றவர் இன்னும் சாகவில்லை.
செத்தவருக்கு மகளே கிடையாது.
சேமநிதிப் பணம் நடுவானத்தில்
எந்த உலகத்தில் இறங்குவதென்று தெரியாமல்
வட்டமிட்டுக்கொண்டிருக்கிறது.

நாக்கு நுனிவரை ஒரு கதை வந்தது.
பட்டர்வொர்த்தில் அன்று பெயர் பதிந்தவருக்குப் பசி,
மணி ஒன்று ஆகப்போகிறது,
எழுத்துக்கு அவசரத்தில் ஒரு வால் முளைத்துவிட்டது...
சொல்லவில்லை.
அவள் ரசிகை அல்ல.
சத்தியப் பிரமாணம், பழைய அடையாள அட்டை நகல்,
அப்பாவைத் தெரிந்த இருவர் கையெழுத்து என்று
மஞ்சள் தாளில் எழுதித் தந்தாள்.

பிணத்தை நான் பார்த்தேன், புவான்.
பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணிகூட
எந்தச் சேலையில் கிழித்தது என்று தெரியும்.
இதையும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில்
பாலத்தின் நீளத்துக்கு மட்டும்
அந்தப் பிழையைத் திருத்தாமல் வைத்திருந்தேன்.
ஒய்யில் முடிகிற ஒருவர்
பாலேக் பூலாவ் வளைவில் லாரியை ஓரங்கட்டிவிட்டு
டுரியானை மோந்து பார்த்து
விலை அதிகம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.
சுங்கச்சாவடி வந்தது.

மறுநாள் விடியலில் மேசையில் புதுச் செய்தி:
மூன்று பேரை வேடம் கட்டிப் பார்த்தார்களாம்.
நீ சொல்லு, யார் வரணும்?
பழைய ஆளே வரட்டும், என்றேன்.
சிரித்தார்கள்.
"காண்ட்ராக்ட் முடிஞ்சிபோச்சு லா," என்றான் ஹஃபீஸ்.

மோகனவல்லி மட்டும் பேனாவை மூடவில்லை.
டிஷ்யூத் தாளைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு
ரெண்டு கையெழுத்து வேணும்னியே,
இன்னொண்ணு யாரு, என்றாள்.
யுகேந்திரன் அதற்குள்
வில்லனுக்குப் போயிருந்தான்.