வத்தலக்குண்டில் வெயில்

கார்த்திகை பிறந்து பதினோராம் நாள்.
மூஞ்சிக்கல் கடைத்தெருவில்
எதிர்க்கடை இருக்கிறதா என்று
போன் போட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.
'இருக்கேன்க்கா, இருமிக்கிட்டு' என்கிறான் அப்பாஸ்.

ஸ்டூடியோவுக்கு யாரும் வருவதில்லை.
இந்த மூட்டத்தில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தால்
எல்லா முகத்திலும் சீட்டுப் பணம் போன களை.
பூஞ்சை பிடிக்காமலிருக்க
கேமராவை அரிசி டப்பாவில் படுக்க வைத்திருக்கிறேன்.

மன்னவனூர் பஸ் கண்டக்டரிடம் சொல்லிவைத்தால்
ஒரு சாக்கு ஆட்டு ரோமம் வந்து இறங்கும்.
முள், புழுக்கை, ஈரப் புல்,
ஆடு படுத்த இடமெல்லாம் அதற்குள் இருக்கும்.
மூன்று வெந்நீரில் அலசியும்
கடைக்குள் ஓர் ஆடு நிற்கிற வாசம் போகவில்லை.
நிற்கட்டும், துணைக்கு.

தக்ளி என் சொந்தத் தயாரிப்பு:
மூங்கில் குச்சி ஒன்று,
அடியில் கனத்துக்கு இரண்டு சிடி.
இரண்டாயிரத்தெட்டில் நான் எடுத்த கல்யாணம்.
பாக்கி எண்ணூறு ரூபாய் கொடுத்து வாங்கிப்போக
இன்றுவரை ஆள் வரவில்லை.
தொடையில் உருட்டி விட்டால்
மணமக்கள் சுற்றுகிறார்கள்,
பந்தி சுற்றுகிறது,
நாதஸ்வரம் சத்தமே இல்லாமல் சுற்றுகிறது.
நூல் மட்டும் இறங்குகிறது
மேடும் பள்ளமுமாய்
பெருமாள்மலை ரோடு மாதிரி.

குண்டு பல்பு வெளிச்சத்தை வாங்கி
அந்தத் தட்டு சுவரில் எறிகிற ஏழு நிறம்தான்
இந்த வாரம் நான் பார்த்த வானம்.

'யாருக்குப் பின்னுறே?'
கேட்காதவர் இல்லை.
குல்லாவா காலுறையா என்பதே
குதிகால் திருப்புகிற இடம் வரும்வரை
எனக்குத் தெரியாது.
கைக்கு, என்பேன்.
சும்மா விட்டால் அது
பேசாமல் போன தங்கச்சி நம்பரைத் தேடும்.
ஒரு கண்ணி நேர், ஒரு கண்ணி புரட்டு,
வரிசைக்கு நாற்பத்தெட்டு.
நாற்பத்தேழு வந்தால்
நான் எங்கோ போய்விட்டு வந்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் விடிய எமரென்சியா வந்தாள்.
மூன்று லாட்ஜுக்குத் துவைக்கிறவள்.
பையில் இருபது தலையணை உறை, எல்லாம் ஈரம்.
'கிளம்பு.'
'எங்கே?'
'வெயிலுக்கு.'
ஓர் ஊரின் பேர் போலத்தான் இருந்தது.

ஆறே முக்கால் பஸ்.
கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே இல்லை.
ஊத்து வருவதற்குள் பத்து வரிசை.
டம் டம் பாறை வளைவில்
எதிர் லாரிக்கு ஒதுங்கிய குலுக்கலில்
மூன்று கண்ணி நழுவின.
குனிந்து தேடினேன், நிமிர்ந்தேன்,
அப்புறம் பின்னலைப் பார்க்கவில்லை.
கீழே மஞ்சளாறு அணை,
வெளிச்சம் கூடிப்போன படம் போல
ஓரமெல்லாம் வெளுத்து.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
கட்டணக் கழிப்பறைச் சுவர்.
'காயப்போட இருபது ரூவா' என்றான் பெஞ்சுக்காரன்.
'செவுத்துக்கா, வெயிலுக்கா?' என்றாள் எமரென்சியா.
பத்துக்குப் படிந்தது.
இருபது உறை, என் நூல் கண்டு நாலு,
ஸ்வெட்டர் இரண்டு, சால்வை, மப்ளர்,
கடைசியில் நாங்கள்.
பரோட்டாக் கடை பெஞ்சில் முகம் தூக்கி உட்கார்ந்தோம்.
போகிறவர்கள் பார்த்தார்கள்.
கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:
'இந்தச் சூடு என் புருசன்கிட்டக்கூடக் கிடைக்கல.'

ஒன்றரை மணிக்கு உச்சி பிளந்தது.
'ச்சே, என்ன வெயிலுடி' என்று நான்தான் சொன்னேன்.
அவள் சிரித்த சிரிப்புக்கு
பெரியகுளம் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

மூன்று மணி வண்டியில் ஏறினோம்.
பாதி மலையில் ஜன்னல் மறுபடி வெளுத்தது.
மடியில் உறைகள் இன்னும் சூடு.
ஒன்றைக் கன்னத்துக்குக் கொடுத்துத் தூங்கிப்போனாள்,
நாளைக்கு எந்த ஊர்க்காரன் தலையோ
வைக்கப்போகிற உறை.

நழுவிய கண்ணிகளை நான் ஏற்றவில்லை.
ஓடிவிடாமல் ஒரு முடிச்சு மட்டும் போட்டேன்.
வெயில் எந்த வரிசையில் வந்தது என்று
ஓட்டை சொல்லட்டும்.

குல்லாதான் ஆகும் போலிருக்கிறது.