முட்டை வண்டியில் கேட்டது

விடிகாலை நாலரைக்கு
கோரிமேடு தாண்டும்போது
கைப்பேசியை ஸ்டீயரிங் பக்கத்தில் செருகி
யாரையாவது பேசவிடுவேன்.
பின்னால் நூற்றிருபது அட்டை,
அட்டைக்கு முப்பது முட்டை.
முட்டை ஏற்றியவனுக்கு அவசரம் ஆகாது.
அவசரமில்லாத குரல் ஒன்று வேண்டும் என்று தேடியதில்
ஒரு மழைக்காலமே போனது.

முதலில் அகப்பட்டவர்
அடிவாரச் சோதனைச்சாவடி வருவதற்குள்
என் கடனை மூன்று முறை அடைத்துவிட்டார்.
வெள்ளிக்கிழமைக்குள் என்றார்,
எந்த வெள்ளி என்று சொல்லவில்லை.
இன்னொருவர் பேச்சுக்கு அடியில்
வயலின் அழுதுகொண்டே இருந்தது.
எனக்கு முன்பே அது அழுதுவிட்டதால்
எனக்கு அங்கே வேலையில்லை.
வேறொருவரிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது:
ஐந்தாம் வளைவில் கேள்வி,
ஆறாம் வளைவில் பதில்,
ஏழில் எண்ணெய்க் குப்பி, தபால் செலவு தனி.

என்னிடம் இருந்தது ஒரே கேள்வி.
என் தங்கை அடைக்கலமேரி
நாற்பத்தொரு வயதில்
பெரியாஸ்பத்திரி மூன்றாம் மாடியில்
ஜெபமாலை கையில் இருக்கும்போதே போனாள்.
ஆண்டவருக்குத் தேவைப்பட்டாள் என்றார்கள்.
ஏழாவது படிக்கும் ஷெரினுக்கும்தானே
அவள் தேவைப்பட்டாள்?
இதைக் கோயிலில் கேட்கவில்லை.
கேட்டால் பாவசங்கீர்த்தனத் தொட்டியைக் காட்டுவார்கள்.
இது பாவமில்லையே.

பிறகொரு நாள் வேறெதையோ அழுத்தப்போய்
இந்தப் பெண் வந்தாள்.
பெயர் ஜெசிந்தா. ஊர் சொன்னதில்லை.
குரலுக்குப் பின்னால் குக்கர் விசிலடிக்கும்.
ஒருமுறை யாரோ கதவைத் தட்ட
"இருங்க, பால்காரர்" என்று எழுந்து போய் வந்தாள்.
அன்றைக்கு யாரோ அனுப்பிய கடிதம் படித்தாள்,
இறந்துபோன மகன் பிழைக்கக் கேட்டு
அந்தத் தாய் இன்னும் ஜெபிக்கிறாளாம்,
பழக்கத்தில் வாய் அதையே சொல்கிறதாம்,
என்ன செய்யட்டும் என்று.
படித்து முடித்து
"எனக்குத் தெரியலைங்க" என்றாள்.
அப்புறம் சத்தமில்லை.

பதினோராம் வளைவு.
சிக்னல் அங்கேதான் போகும்.
திட்டிக்கொண்டே குனிந்து பார்த்தால்
கோடு நாலும் நிற்கின்றன,
விநாடி ஓடுகிறது.
அவள்தான் பேசாமல் இருக்கிறாள்.
அவள் வீட்டு மின்விசிறி
கறக் கறக்கென்று சுற்றுவது கேட்கிறது.

ஓரங்கட்டினேன்.
கீழே சேலம் விளக்கணைக்காமல் கிடந்தது.
சுண்ணாம்புக்கரடு மட்டும் தனியே வெளுத்திருந்தது.
சில்வர் ஓக் இலையிலிருந்து பனி
வண்டிக் கூரையில் சொட்டியது, நின்றது, சொட்டியது.
தெரியாது என்று சொன்னவள்
எழுந்து போகவில்லை,
அந்தத் தாயோடு உட்கார்ந்திருந்தாள்.
நடுவில் நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

ஷெரினுக்கு அனுப்பினேன்.
ஒரு கட்டைவிரல் பொம்மை வந்தது.
கேட்டாளா என்று நான் கேட்கவில்லை.

"காதுல மாட்டிக்கிட்டா போதுமா,
பூசைக்கு வரவேண்டாமா?" என்கிறாள் அமலோற்பவம்.
போகிறேன். கடைசி வரிசை, தூண் பக்கம்.
பிரசங்கம் முடிந்து சாமியார் உட்காரும்போது
சின்னதாய் ஒரு இடைவெளி விழும்,
யாராவது இருமுவார்கள்.
முன்பெல்லாம் அதில் டீசல் கணக்குப் போடுவேன்.
இப்போது அதற்காகத்தான் போகிறேனோ என்னவோ.
அவளிடம் சொல்லவில்லை.

ஜெசிந்தாவும் எல்லா வாரமும் நன்றாகப் பேசுவதில்லை.
போன வாரம் தொண்டைக்கட்டு, பாதியில் நிறுத்திவிட்டாள்.
அதற்கு முந்தைய வாரம் சொன்னது எனக்கு ஒப்பவில்லை,
ஒண்டிக்கடை வரைக்கும்
வண்டிக்குள் தனியே சண்டை போட்டேன்.

ஏரிக்கரை ஓட்டலில் சரக்கு இறக்கும்போது
உடைந்ததை அடி அட்டைக்குத் தள்ளி
நல்லதை மேலே அடுக்குவது
பன்னிரண்டு வருஷப் பழக்கம்.
இன்று உடைந்ததை மேலேயே வைத்துக் காட்டினேன். ஏழு.
"என்னண்ணே, புதுசா இருக்கு?" என்றான்
ஸ்டோர் பார்க்கும் மல்லிகேஸ்வரன்.
தெரியலைப்பா என்றேன்.
பில்லில் ஏழைக் கழித்தான்.

இருபதாம் வளைவிலிருந்து ஒன்று வரை
காலி வண்டி.
யாரையும் பேசவிடவில்லை.