பதிமூன்று புள்ளி மூன்று

காசிமேட்டில் ஏலம் முடிந்து
ஐஸ் உடைக்கிற சத்தமும் ஓய்ந்த நேரம்
கன்னியப்பன் போட்டுக்குள் இறங்கினேன்,
கையில் மீட்டர், பல்லில் டார்ச்.

போன மாதம் எண்ணூருக்கு நேரே
எஞ்சின் கிளம்பாமல்
மூன்று மணி நேரம்
அலை தள்ளின பக்கம் போனவர்கள்.
அனல்மின் புகைபோக்கியின் சிவப்பு விளக்கு
கண்ணுக்கு எட்டியது, துடுப்புக்கு எட்டவில்லை.
இருந்தது ஒரே பேட்டரி.
மீன் காட்டுகிற கருவி, வயர்லெஸ், தளத்து விளக்கு,
ஐந்து செல்போன்,
அற்புதராஜின் ஸ்பீக்கர்,
எல்லாம் அதில்தான் வாய் வைத்திருந்தன.
ஸ்டார்ட்டருக்கு மிஞ்சியது
ஒரு முனகல்.

இப்போது இரண்டு.
இடது பக்கம் எஞ்சினைக் கிளப்ப மட்டும்.
வலது பக்கம் மற்ற எல்லாத்துக்கும்.
நடுவில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்பு ரிலே.

'இத்த போட்டு எடுக்க ஆளு வாணாமாக்கா?'
'வாணாம். எஞ்சின் ஓடினா அதுவே சேரும்,
நின்னா அதுவே பிரியும்.'
கன்னியப்பன் டப்பாவைத் தட்டிப் பார்த்தான்
தர்பூசணியைத் தட்டுவதுபோல.

முதலில் இடதின் வயிறு நிறையும்.
பதிமூன்று புள்ளி மூன்றைத் தொட்டதும்
டக்.
கதவு திறந்து வலதுக்கும் பந்தி.
கரை சேர்ந்து எஞ்சின் அணைந்தால்
வோல்ட் மெல்ல இறங்கும்.
பன்னிரண்டு புள்ளி எட்டில்
இன்னொரு டக்.
அதற்கப்புறம் ஸ்பீக்கர் எவ்வளவு கெஞ்சினாலும்
இடது பக்கத்தில் ஒரு சொட்டு கிடைக்காது.

'உன் சீட்டுப் பணம் மாதிரி' என்றார்
வீட்டில் இதைக் கேட்ட என் கணவர் சகாயம்.
நான் பதில் சொல்லவில்லை.
லக்கை நசுக்கிக்கொண்டிருந்தேன்,
கொஞ்சம் அதிகமாகவே நசுங்கிவிட்டது.

நாலாம் ராத்திரி போன்.
'ரெஜினாக்கா, பொட்டி பேசுதுக்கா.
டக்கு டக்கு டக்குனு. நிக்கவே மாட்டேங்குது.'
பின்னால் யாரோ மாதாவைக் கூப்பிடுகிறார்கள்,
யாரோ கெங்கையம்மாவை.
'எத்தினி வோல்ட்டு காட்டுது, வலது பக்கம்?'
'பத்து... பத்தேகாலு.'

பேயில்லை, பட்டினி.
கதவு திறந்ததும் காய்ந்த வயிறு
மொத்தத்தையும் ஒரே இழுப்பாய் இழுக்கும்.
வோல்ட் விழும், கதவு சாத்தும்.
எஞ்சின் மூச்சு வாங்கி ஏற்றும்,
திறக்கும், இழுக்கும், சாத்தும்.

'எல்லாத்தையும் அணை. வயர்லெஸ்ஸும் பச்சை சிவப்பு விளக்கும் போதும்.'
'சரிக்கா.'
'பாட்டையும்.'
'பாட்டையுமா?'
கடல் இவ்வளவு இரைச்சல் என்று
பாட்டு நின்ற பிறகுதான் தெரிந்தது.
'இப்ப எஞ்சினைக் கொஞ்சம் தூக்கி ஓட்டு.'

டக்.
டக்.
நான் படுக்கையில் உட்கார்ந்து எண்ணினேன்.
சகாயமும் எழுந்து உட்கார்ந்து எண்ணினார்.
டக்.
அப்புறம் இல்லை.
பத்து வினாடி, இருபது,
அப்புறமும் இல்லை.
'யக்கா, லைன்ல கீறியா?'
'கீறேன்.'

காலையில் போய்ப் பார்த்தேன்.
எர்த் ஒயர் முனையில் பாசிபோல் பச்சை பூத்திருந்தது.
நானே பூட்டியது, வாசலின் தடவ மறந்தது நான்.
இதை அவனிடம் சொன்னேனா என்று கேட்காதீர்கள்.
கூலியில் பாதி துட்டு,
மீதிக்கு ஒரு வஞ்சிரத் தலை,
குழம்புக்கு வாலும் கேட்டு வாங்கினேன்.

ரிலேமேல்
எலுமிச்சையும் நாலு பச்சை மிளகாயும்
கறுப்புக் கயிற்றில் தொங்கின.
அவிழ்க்கச் சொல்லவில்லை.
முனைகளிலிருந்து
நாலு விரல் தள்ளிக் கட்டினேன்.
பேட்டரிக்குள் இருக்கிற புளிப்பே
போதும் அதுக்கு.