ஆறு முட்டைக்கு ஒரு லோக்

பெல்லியப்பா இங்கிலாந்திலிருந்து வரவழைத்த
பழைய பீப்பாய்கள் நாலு. நாலுக்கும் பெயர் உண்டு:
ஃபர்க்கின், கில்டர்கின், பேரல்,
பன்றித்தலை என்று பொருள்படும் இன்னொன்று.
ஒன்பது காலன், அதில் இரண்டு மடங்கு,
அதிலும் இரண்டு மடங்கு, பிறகு திடீரென்று ஒன்றரை.
யாரோ குடித்துவிட்டுப் போட்ட வாய்ப்பாடு.

இந்திராநகர், நூறடி சாலை, மூன்றாம் மாடி.
பேரீச்சம்பழ பீர் போடப் போகிறோம்.
"பட்டியலில் லிட்டர் வேண்டாம், கெத்சியா.
எருசலேம் கோயிலில் அளந்த மாதிரி வேண்டும்.
நீ கிறிஸ்டியன்தானே, தெரிந்திருக்கும்."

எனக்குத் தெரிந்தது
தொட்டியைக் காஸ்டிக் ஊற்றிக் கழுவ,
ஈஸ்ட் செத்துவிட்டதா என்று மோந்து சொல்ல.

ஆனாலும் உட்கார்ந்தேன்.
ஒரு கோருக்குப் பத்து பாத்.
ஒரு பாத்துக்கு ஆறு ஹின்.
ஒரு ஹின்னுக்குப் பன்னிரண்டு லோக்.
ஒரு லோக்குக்கு
ஆறு கோழிமுட்டை.

அங்கே நின்றது விரல்.
அரசர்கள் வரியாக வாங்கிய திராட்சரசமெல்லாம்
கடைசியில் ஒரு கோழியின் வயிற்றில் வந்து முடிகிறது.

கீழே நஸ்ருல் கடையில் அரை டஜன் வாங்கி
அளவு ஜாடியில் ஒவ்வொன்றாக முக்கினேன்.
நாற்பத்தெட்டு மில்லி. ஐம்பத்து மூன்று. நாற்பத்தாறு.
நாமக்கல் கோழிகளுக்கு எருசலேம் பற்றி ஒரே கருத்து இல்லை.
ஆறும் சேர்ந்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு.
கணக்குப்படி முந்நூற்றைந்து.
ஒன்பது மில்லி யாரிடம் கேட்பது?

ஞாயிறு பள்ளியில் இதே லோக்கை
ஆழாக்கு என்றுதான் படித்தேன்.
தொழுநோய் தீர்ந்தவனுக்கு ஓர் ஆழாக்கு எண்ணெய்.
வலது காது மடலில் கொஞ்சம்,
வலக்கைப் பெருவிரலில், வலக்கால் பெருவிரலில்.
மீதி தலையில்.
தமிழில் எழுதியவர் ஏதோ ஒரு வெயில் மதியத்தில்
பக்கத்து அரிசிப் பானையைப் பார்த்து எழுதியிருப்பார்.
ஆழாக்கு நூற்று அறுபத்தெட்டு மில்லி.
பாதி எண்ணெயை வழியில் எங்கோ சிந்திவிட்டார்.

நூற்று அறுபத்தெட்டு.
பன்னிரண்டு சேர்த்தால் அப்பாவின் குவார்ட்டர்.
லிங்கராஜபுரத்தில் மாலை ஏழரைக்கு
பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கிழிப்பார்.
எங்கள் பீரைத் தொடமாட்டார்.
"சோப்புத் தண்ணி. நீ கழுவின தொட்டிதானே அது."
வலது காது அவருக்குக் கேட்காது.

பாத் வரும் இடத்தில் குடம் என்று போட்டிருந்தது.
இருபத்திரண்டு லிட்டர்.
எங்கள் பச்சை பிளாஸ்டிக் குடத்தில் பதினாலு;
நெளிந்த பக்கத்தைக் கழித்தால் பதின்மூன்றரை.
நாலு மணிக்குத் தண்ணீர் லாரி வந்து
குழாயை மாடிக்கு ஏற்றினார்கள்.
ஆறாயிரம் லிட்டர்.
பழக்கதோஷம், வகுத்துவிட்டேன்:
இருநூற்று எழுபத்திரண்டு பாத், கொசுறும் உண்டு.
ஒரு பாத் பீருக்கு ஆறு பாத் தண்ணீர்,
அதில் ஐந்து சாக்கடைக்கு.
இதற்குப் பட்டியலில் கட்டம் இல்லை.
நுரைக்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை கலால் ஆய்வாளர் சித்தலிங்கையா வந்தார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.
"லோக் அந்த்ரே ஏனு?"
முட்டை, என்றேன்.
பெல்லியப்பா ஜன்னல் வழியாக மெட்ரோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
சிவப்பு மையில் எல்லாவற்றையும் அடித்து
லிட்டர், லிட்டர், லிட்டர் என்று எழுதி
முத்திரை குத்திவிட்டு, படியில் இறங்கும்போது நின்று கேட்டார்:
நாட்டுக்கோழியா, ஃபார்மா?

யாரும் எழுதி வைக்கவில்லை, சார்.

ஈஸ்ட்டோடு குளிரில் கிடந்த முட்டைகளை
ராத்திரி வீட்டுக்கு எடுத்துப் போனேன்.
பஸ்ஸில் ஒன்று உடைந்து பை முழுக்க வழிந்தது.
ஐந்தையும் வெங்காயத்தோடு அடித்து ஊற்றி
அப்பாவின் இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.
"இன்னிக்கு ஒரு லோக் பொரிச்சிருக்கேன்பா."
"ரெண்டு பேருக்கு அது ஜாஸ்தி" என்றார்,
பாக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்து
கடைசிச் சொட்டுக்குக் காத்தபடி.