தொண்ணூற்றைந்து வீதம்

ஸ்டைரீனும் எதனோலும் ஒற்றுமை.
ஸ்டைரீன் கைகோத்துக் கைகோத்து
நீளத் தொடங்கும்போதுதான்
எதனோலுக்கு அது ஆகாமற் போகிறது.
ஆகாமற் போன அந்த நொடியில்
குடுவை பால் பிடிக்கும்.

வந்தாறுமூலையில் மாரி.
ஜன்னற் கண்ணாடியில் கம்பளிப்பூச்சி.
எழுபது பாகை, நைதரசன் குமிழி,
ஒரு குடை, இரண்டு முக்காலி.
நானும் ரிஸ்மினாவும் பாலுக்குக் காத்திருந்தோம்.
போன மாதம் பதினெட்டாம் நிமிடம்.
இந்தத் தரம் பதினொன்றிலேயே வெளுத்துவிட்டது.
"கெதியா வந்திட்டு புள்ள" என்றாள்
பிரசவ விடுதித் தாதிபோல.

மறுகா அளந்தோம்.
இரண்டு தசம் மூன்று மைக்ரோமீற்றர்
வரவேண்டிய இடத்தில்
ஒன்று தசம் நான்கு.
எல்லாம் ஒரே அளவு, எல்லாம் அழகு,
எல்லாம் பிழை.

தராசைச் சந்தேகித்தோம்.
வெப்பமானியைச் சந்தேகித்தோம்.
இரண்டு மணிக்குப் போய் இரண்டேகாலுக்கு வந்த
கரண்டைச் சந்தேகித்தோம்.
உறுதிப்படுத்தியை மூன்று தரம் நிறுத்த ரிஸ்மினா
நான்காம் தரம் என்னைப் பார்த்தாள்.
நான் ஒன்றும் கொட்டவில்லை, சத்தியமாய்.

கணக்கு இதுதான்:
கரைப்பான் பொறுத்துக்கொண்டால்
சங்கிலி கனதூரம் கரைந்தே போகும்,
இன்னும் நூறு கண்ணி, இன்னும் நூறு,
தாங்காமற் சுருண்டு வெளியே விழுபவை சிலதான்.
பின்னால் வருவதெல்லாம்
அந்தச் சிலதிலேயே போய் ஒட்டும்.
உருண்டை பெருக்கும்.

கரைப்பான் முகத்தைச் சுளித்தால்
குட்டையிலேயே வெளியே வரவேண்டியதுதான்.
கூட்டங்கூட்டமாய், ஒரே நேரத்தில்,
செங்கலடிச் சந்தியில்
பழுதான பஸ் இறக்கிவிட்ட சனம்போல.
கரு ஆயிரம், சாப்பாடு அதே அளவு.
ஆளுக்குக் கொஞ்சம்.
உருண்டை சிறுக்கும்.

"இத மனிசருக்குப் பொருத்தி எழுதிடாத"
என்றாள் ரிஸ்மினா.
அவள் ஏறாவூர், நான் செங்கலடி.
இரண்டு பேருக்கும் ஒரே பஸ்.
அந்தப் பேச்சை அதற்குமேல்
இருவரும் எடுக்கவில்லை.
துணிக்கையை அளக்கலாம்.

முகத்தைச் சுளிக்க வைப்பது தண்ணீர்.
நாங்கள் தண்ணீர் விடவில்லையே.

நாலாம் நாள் களஞ்சிய அறைக்குப் போனோம்.
குணநாயகம் அண்ணன் தேத்தண்ணியை வைத்துவிட்டு
பைல் ஒன்றைக் காட்டினார்.
மதுவரிக் கந்தோருக்கு மூன்று கடிதம்.
'பாவிக்கப்படும் நோக்கம்' என்ற இடத்தில்
அவருடைய கையெழுத்தில்
'குடிப்பதற்கல்ல' என்றிருந்தது.
"பதில் வரல்ல தங்கச்சி.
நல்லது முடிஞ்சு ரெண்டு மாசம்.
நீங்க வேலையில்லாம நிக்கப்படாதெண்டு
மற்றதப் பழைய போத்தல்ல ஊத்தி வச்சன்.
அதும் எதனோல்தானே,
தொண்ணூற்றைஞ்சு வீதம்."

மிச்சம் ஐந்து வீதம்.
நூறில் ஐந்துதான், ஆனால்
அதில் பாயாத சங்கிலி இல்லை.

ரிஸ்மினாவுக்குச் சிரிப்பு வந்தது.
எனக்கு அழுகை வந்து பின் சிரிப்பு.
அன்றிரவே திட்டத்தைக் கிழித்து
வேண்டுமென்றே தண்ணீர் விட்டோம்,
பத்து, பதினைந்து, இருபது.
வரைபுத்தாளில் புள்ளிகள் கீழே இறங்கின
படித்துறையில் கால் வைப்பதுபோல.
புறொப்பனோலில் போட்டது மட்டும்
நாலரைக்கு வீங்கியது, பக்கத்தில்
ஒன்றரையும் மூன்றும் கலந்து கிடந்தது,
பெரியதெல்லாம் ஒன்றுபோல் வருவதில்லை.

புள்ளிகளில் முதற்புள்ளிக்கு
கொப்பியில் ரிஸ்மினா எழுதியிருக்கிறாள்:
கரைப்பான் மூலம், குணநாயகம் அண்ணன்.
மேற்பார்வையாளர் அதை வெட்டினார்.
அவள் திரும்ப எழுதினாள்.

நேற்று அண்ணன் கதவடியில் நின்று கேட்டார்,
"அப்ப அந்தப் போத்தல ஊத்திடட்டா?"
"வேணாம் அண்ணன்" என்றோம் இருவரும்.
"லேபிளை மட்டும் மாத்துங்க."
மழைக்கு நனைந்த பசை ஒட்டவில்லை.
அவர் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார்
கனநேரம்.