கடைவாய்

ஹெல்சிங்கியிலிருந்து வந்த கோட்டுக்காரர்
எட்டு நிமிஷம் பேசிக் காகித ஆலையை மூடிய வருஷம்
ஊரே பல்வலியோடு என்னிடம் வந்தது.

முதலில் ராய்மோ.
நான்காம் எந்திரத்தில் முப்பத்தொரு வருஷம்.
கீழ்க் கடைவாயில் ஒரு பல்
நெடுக்காகப் பிளந்திருந்தது.
சொத்தை இல்லை. நல்ல பல்.
எலும்பைக் கடித்தீர்களா?
ரொட்டி, என்றார்.
வேறு ஏதாவது?
வேறொன்றுமில்லை. எல்லாம் நன்றாகவே இருக்கிறது.

பிறகு பொட்டலப் பிரிவு எய்லா.
பிறகு ஆலை வாசலில் காப்பி விற்ற கெர்த்து.
பிப்ரவரிக்குள் பதினேழு பேர்.
எல்லோருக்கும் எல்லாம் நன்றாகவே இருந்தது.

ஆற்றங்கரையில் அந்த அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம்
நின்றுபோயிருந்தது.
ஐம்பது வருஷமாய் அதைத் திட்டித் தீர்த்த ஊர்
ஜன்னலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு
மூடிக்கொண்டது.
இரவில் உறுமல் இல்லை.
அந்த அமைதியில் யாருக்கும் தூக்கம் பிடிக்கவில்லை,
பிடித்தவர்கள் தூக்கத்தில் அரைத்தார்கள்.
நான்காம் எந்திரம் இடம் மாறி
தாடைகளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து அறை நர்ஸ் மார்யுக்கா சொன்னாள்,
அக்கி கண்டு நாலு பேர்,
ரத்தக்கொதிப்பு மாத்திரை மறுபடி தீர்ந்துவிட்டது,
ஐம்பது வயது ஆள் ஒருவர்
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து
வாயு என்று சொல்லித் திரும்பிப் போனார்.

பல்லைக் கடித்துக்கொண்டு
கடந்துவிடலாம் என்றார்கள்.
கடந்தார்கள்தான்.
கடித்த கணக்கு என் மேஜைக்கு வந்தது.

நான் மனசுக்குப் படித்தவள் இல்லை.
எனக்குத் தெரிந்தது எனாமல்.
உடம்பிலேயே கெட்டியான பொருள் அது.
எரிந்த வீட்டிலும் மிஞ்சும்.
வீட்டுக் கடன் கடிதத்துக்கு மிஞ்சுவதில்லை.

அலமாரியில் சாந்து வார்ப்புகள்,
பெயரும் தேதியும் ஒட்டியவை.
மேடெல்லாம் தேய்ந்து
சப்பையான தாடை ஒன்றைக் கையிலெடுத்தால்
மனைவி தங்கை வீட்டுக்குப் போன மாதம்
விரலில் தட்டுப்படும்.
தெரியும். ஆனால் கேட்டதில்லை.
எங்கள் ஊரில் கேட்பதில்லை.

ஓன்னிக்கு எட்டு வயது.
ஆலைக்குள் அவன் போனதே கிடையாது.
அவனுக்குத் தெரிந்ததெல்லாம்
சாப்பாட்டு மேஜையில் அப்பா
உப்புக் கேட்பதை நிறுத்தியது மட்டும்.
அவன் பற்களும் தட்டையாகியிருந்தன.
பால்பல்தானே, விழுந்துவிடும், என்றேன்.
விழுந்துவிடும், என்றாள் அவன் அம்மா
தரையைப் பார்த்து.

என்னிடமும் ஒரு இரவுக் கவசம் உண்டு.
தம்பி செப்போ ஏரிப் பனி உடைந்து
உள்ளே போன குளிர்காலத்தில் செய்தது.
பக்கத்து ஊர் டாக்டர் அச்செடுத்தபடி
வேறு ஏதாவது? என்று கேட்டார்.
நான் என்ன சொல்லியிருப்பேன் என்று
உங்களுக்கே தெரியும்.

ஏப்ரலில் ராய்மோ திரும்பி வந்தார்.
கொடுத்த கவசத்தையே கடித்துத் துளைத்திருந்தார்.

நாளுக்கு நாற்பது தடவை சொல்கிறேன்,
வாயைத் திறங்கள்.
அன்றும் சொன்னேன்,
விளக்கைப் போடாமல்,
கையில் கண்ணாடி எடுக்காமல்,
நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு.

பழக்கத்தில் அகலமாகத் திறந்தார்.
நான் உள்ளே பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தேன்.
திறந்த வாய் அப்படியே நின்றது,
என்ன செய்வதென்று அதற்கும் தெரியாமல்.
வெளியே ஆற்றுப் பனி உடைகிற சத்தம்.
கதவுக்கு அப்பால் அடுத்தவரின் இருமல்.

காலை ஐந்து மணிக்கு, என்றார்.
மறுபடி மூடினார். மறுபடி திறந்தார்.
காலை ஐந்து மணிக்கு என் கைகள் எழுந்துவிடுகின்றன,
டாக்டர்.
அவற்றுக்கு என்ன சொல்வது?

எனக்கும் தெரியவில்லை என்றேன்.
செப்போவைப் பற்றிச் சொன்னேன், கொஞ்சம்.

இருபது நிமிஷம் தாமதம்.
கணினியில் சிகிச்சை என்ற கட்டம்
நிரப்பாமல் விட்டால் பக்கம் நகராது.
கீழ்த்தாடை, வலப்புறம், என்று எழுதினேன்.
புதுக் கவசத்துக்கு அச்சும் எடுத்தேன்.
அதுவும் வேண்டித்தானே இருக்கிறது.